பாண்டேசால் சரியாக வராதபோது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தல்

பிலிப்பைன்ஸில், மணிலாவின் புறநகர் ஒன்றில் குடியிருந்த ஆண்டுகளில், விடிகாலையில் தெருமுனைப் பனாடெர்யாவுக்கு (ரொட்டிக்கடைக்கு) நடந்துபோய்ப் பழுப்புக் காகிதப் பையில் சூடாக வாங்கிவந்த பாண்டேசால் என்ற சிறு ரொட்டியை, வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக முயன்றேன். இந்த ரொட்டி எத்தனை விதமாகக் கெட முடியுமோ அத்தனை விதமாகவும் என் ஓவனில் கெட்டிருக்கிறது. அப்போது எழுதிவைத்த குறிப்புகளே இவை. உங்கள் தட்டில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலிலும், காசு செலவாகும் மாற்றம் கடைசியிலும் வருகிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான் பயன்படுத்தும் அளவைச் சொல்லிவிடுகிறேன். புரதம் மிகுந்த ரொட்டி மாவு 500 கிராம், பால் 270 மில்லி, முட்டை ஒன்று, சர்க்கரை 80 கிராம், வெண்ணெய் 50 கிராம், உப்பு 8 கிராம், நேரடியாக மாவில் கலக்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். இதில் 40 கிராம் எடையில் 24 ரொட்டிகள் வரும். 180 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடத்தில் வெந்துவிடும். பெயருக்கு ஸ்பானிய மொழியில் ‘உப்பு ரொட்டி’ என்றுதான் பொருள் என்றாலும், இன்றைய பாண்டேசால் இனிப்பின் பக்கம் சாய்ந்தது. சர்க்கரை அளவைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

கிண்ணத்தால் அளக்கிறவர்கள் மேற்கொண்டு படிக்குமுன் ஒரு சமையல் தராசு வாங்கிக்கொள்வது நல்லது. அழுத்தி நிரப்பிய கிண்ணத்துக்கும் தளர்வாக நிரப்பியதற்கும் இடையே வரும் வேறுபாடே பாதிக் கோளாறுகளை உண்டாக்கிவிடும்.

அறிகுறி 1: ஒரு மணி நேரம் கழிந்தும் மாவு பொங்கவில்லை

முதலில் சமையலறையின் வெப்பத்தைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மணிலாவில் முக்கால் மணி நேரத்தில் இரட்டிப்பாகும் அதே மாவு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாகியோவில் டிசம்பர் காலையில் இரண்டு மணி நேரம் கேட்கும். மாவில் சிறிதளவாவது அசைவு தெரிந்தால், அணைத்திருக்கும் ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீருடன் அதை மூடிவைத்து இன்னும் நாற்பது நிமிடம் பொறுத்திருங்கள். சிறிதும் அசையவில்லை என்றால் மட்டுமே ஈஸ்டைச் சந்தேகிக்க வேண்டும்.

*ஈஸ்ட் உயிருடன் இருக்கிறதா என்று பார்த்தல்:* கை பொறுக்கும் சூட்டில் அரை டம்ளர் நீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்து பத்து நிமிடம் வையுங்கள்.

*நுரை திரண்டு எழுந்தால்* ஈஸ்டில் குறையில்லை, கொன்றது நீங்கள்தான். காய்ச்சிய பாலை ஆறவிடாமல் ஊற்றியிருப்பீர்கள். 38 முதல் 43 டிகிரி வரை ஈஸ்டுக்கு இதமான சூடு. 60 டிகிரியை நெருங்கினால் அது செத்துவிடும். வெப்பமானி இல்லாதவர்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம்: குழந்தைக்குப் பால் புகட்டும் சூட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பால் சரியாக இருந்ததென்றால் சர்க்கரையைப் பாருங்கள். கடையில் வாங்கியதைவிட இனிப்பாக இருக்கட்டும் என்று 80 கிராமை 130 ஆக்கினால், அந்தச் சர்க்கரை ஈஸ்டுக்கு வேண்டிய ஈரத்தை இழுத்துக்கொண்டு அதை மந்தமாக்கிவிடும்.

*நுரை எழவில்லை என்றால்* ஈஸ்டைத் தூக்கிப்போடுங்கள். பேக்கிங் பொருள் கடைகளில் பெரிய பொட்டலத்தைப் பிரித்துச் சிறு பிளாஸ்டிக் பைகளில் தேதி எதுவும் இல்லாமல் விற்பதுண்டு. அந்த ஈரக்காற்றில் திறந்து கிடந்த ஈஸ்ட் எத்தனை நாள் ஆனது என்று யாருக்கும் தெரியாது. முத்திரை உடையாத பொட்டலமாக வாங்கி, திறந்த பிறகு காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் பல மாதங்கள் வரும். பிசைந்த மாவை வீணாக்க வேண்டியதில்லை: புது ஈஸ்டை இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கொஞ்சம் மாவு தூவி உள்ளே பிசைந்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

அறிகுறி 2: நன்றாகப் பொங்கியது, ஓவனில் தட்டையாகப் போனது

எனக்கு அதிகம் நேர்ந்ததும், மற்றவர்கள் என்னிடம் அதிகம் கேட்டதும் இதுதான். ரொட்டி உயராமல் பக்கவாட்டில் பரவும். ஓவனிலிருந்து எடுத்ததும் மேற்புறம் சுருங்கி வயதானவரின் கன்னம்போல மடிப்பு விழும். பிட்டால் லேசான சாராய வாடை வரும்.

*முதற் சந்தேகம், அளவுக்கு மீறிப் பொங்கவிட்டது.* சமையல் குறிப்புகளில் ‘ஒரு மணி நேரம்’ என்று எழுதுகிறவர் பெரும்பாலும் 22, 24 டிகிரி இருக்கும் சமையலறையை மனத்தில் வைத்து எழுதுகிறார். 32 டிகிரி மணிலாச் சமையலறையில் அதே ஒரு மணி நேரத்தில் மாவு பக்குவத்தைத் தாண்டிப்போய்விடும். ஆறேழு முறை தோற்று, ஈஸ்டையும் மாவையும் பாலையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு, எங்கள் தெருப் பனாடெர்யாவில் மாவு வெட்டுபவரிடம் தட்டையான ரொட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே எல்லாரும் அழைப்பதுபோல நானும் அவரை ‘கூயா’ என்றுதான் அழைப்பேன். அண்ணன் என்று பொருள். ரொட்டியை அவர் பிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தட்டில் பொங்கிக்கொண்டிருந்த தம்முடைய மாவுத் துண்டு ஒன்றில் மாவு தொட்ட ஆள்காட்டி விரலைக் கால் அங்குலம் அழுத்தி எடுத்து, என்னைப் பார்க்கச் சொன்னார். குழி மெல்ல மெல்ல ஏறி, பாதியில் நின்றது. “இப்போது,” என்று சொல்லி அந்தத் தட்டை உள்ளே தள்ளினார். அவர் இருந்த இடத்தில் சுவர்க்கடிகாரமே இல்லை.

அந்த விரல் சோதனையை, துண்டுகளாக்கித் தட்டில் அடுக்கிய மாவு இரண்டாம் முறை பொங்கும்போது பதினைந்தாம் நிமிடத்திலிருந்தே செய்யத் தொடங்குங்கள்.

– குழி உடனே எழும்பி மறைந்தால் இன்னும் பொறுங்கள்.
– மெதுவாகப் பாதிவரை ஏறினால் உடனே ஓவனுக்கு அனுப்புங்கள். ஓவன் அதற்கு முன்பே சூடாகியிருக்க வேண்டும். ‘தயாரான பின் பற்றவைக்கலாம்’ என்று விட்ட அந்த இருபது நிமிடத்தில்தான் பல தட்டுகள் கெடுகின்றன.
– குழி அப்படியே நின்றாலோ, சுற்றிலும் காற்றுப்போய் அமுங்கினாலோ, வேகவைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, மறுபடி உருட்டி, இம்முறை கண்ணெதிரே வைத்துப் பொங்கவிடுங்கள். ஒருமுறை இப்படிக் காப்பாற்றலாம். இரண்டாம் முறை முடியாது.

கோடையில் ஈஸ்டை 7 கிராமிலிருந்து 4 அல்லது 5 ஆகக் குறைத்து, பாலைக் குளிர்ந்த நிலையிலேயே ஊற்றினால் கைக்கு நேரம் கிடைக்கும். இரவே உருட்டிக் குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் வேகவைக்கும் முறையும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அங்கே ‘பிரவுனவுட்’ என்று சொல்லும் மின்வெட்டு இரவில் இரண்டு மணி நேரம் நீடித்தால், காலையில் பெட்டிக்குள் மாவு தட்டோடு தட்டாகப் படுத்திருக்கும். அப்போதும் மேலே சொன்ன மறுஉருட்டல்தான் வழி.

*விரல் சோதனை சரியாக இருந்தும் பரவினால், உருட்டிய விதத்தைப் பாருங்கள்.* பாண்டேசாலைத் தனித்தனியாகக் கிள்ளி உருட்டுவதில்லை. மாவை நீள்சதுரமாகத் தட்டி, நீளவாக்கில் இறுக்கமாகச் சுருட்டி, கம்புபோல ஆக்குகிறார்கள். அதற்குப் பாஸ்டோன் என்று பெயர். அந்தக் கம்பை ரொட்டித்தூளில் புரட்டி, சுரண்டு தகட்டால் துண்டுகளாக்கி, வெட்டிய பக்கம் மேலே தெரியும்படி அடுக்குகிறார்கள். சுருட்டு தளர்ந்தால் உள்ளே பிடிமானம் இருக்காது. மாவு மேலே ஏறாமல் பக்கத்தில் வழியும். ஒவ்வொரு சுற்றிலும் கட்டைவிரலால் உள்நோக்கி இழுத்துப் பிடித்து, கடைசி விளிம்பைக் கிள்ளி ஒட்டிவிடுங்கள். துண்டுகளுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி போதும். பொங்கும்போது ஒன்றையொன்று தொட்டுத் தாங்கிக்கொள்வது அவற்றுக்கு நல்லதுதான்.

*அதுவும் சரி என்றால் மாவை மாற்ற வேண்டும்.* பிலிப்பைன்ஸ் கடைகளில் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று மாவை விற்பார்கள். அது சுத்தத்தின் தரம் என்று நினைத்து, மலிவாக இருக்கிறதே என்று மூன்றாம் தரத்தை நான் நெடுநாள் வாங்கியிருக்கிறேன். உண்மையில் அது புரதத்தைக் குறிக்கிறது: முதல் தரம் ரொட்டிக்கு, மூன்றாம் தரம் பிஸ்கட்டுக்கு. 12 விழுக்காட்டுக்குக் குறையாத புரதமுள்ள மாவு வேண்டும். சாதாரண மைதா மட்டுமே கிடைக்கும் ஊர்களில் பாலை 20 மில்லி குறைத்துக்கொண்டு செய்யலாம். உயரம் சற்றுக் குறையும், ரொட்டி வரும்.

அறிகுறி 3: கல்போல் கனமாக இருக்கிறது

ஒன்றை எடுத்து நடுவில் பிட்டுப் பாருங்கள். அடியில் ஈரமான அடர்ந்த பட்டையும் மேலே ஓரளவு துளையும் இருந்தால், இரண்டாம் முறை போதுமான அளவு பொங்கவில்லை. அல்லது உள்ளே வேகவில்லை. குச்சி வெப்பமானியை நடுவில் குத்தினால் 90 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். எங்கும் ஒரே சீராக அடர்ந்திருந்தால் மாவு அதிகம், அல்லது பிசைந்தது குறைவு.

கையால் பிசைந்தால் இந்த அளவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி நான்கு விரல்களால் மெல்ல விரித்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள்: கிழியாமல், விரல் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரிந்தால் போதும். கிழிந்தால் ஐந்து நிமிடம் மூடிவைத்துவிட்டு மீண்டும் பிசையுங்கள். அந்த ஓய்விலேயே பாதி வேலை நடந்துவிடும். வெண்ணெயை முதலிலேயே போட்டால் மாவு இறுகுவதற்குத் தாமதமாகும் என்பதால், மாவு ஒன்றுசேர்ந்த பிறகே அதைச் சேர்ப்பது வழக்கம்.

அறிகுறி 4: மாவு கையை விடுவதில்லை

இதற்கு மருந்தாக மாவு தூவிக்கொண்டே போகிறவர்கள் நேராக மூன்றாம் அறிகுறிக்குப் போய்ச் சேர்வார்கள். முட்டையும் சர்க்கரையும் உள்ள மாவு முதல் ஏழெட்டு நிமிடம் ஒட்டத்தான் செய்யும். கையில் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டு தொடருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் பாத்திரத்தின் பக்கத்தை விடாவிட்டால், மழைக்காலத்து ஈரத்தை மாவு ஏற்கெனவே குடித்திருக்கிறது. உலர்ந்த மாவை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக மூன்று வரை சேர்க்கலாம், அதற்குமேல் வேண்டாம். அடுத்த முறை பாலில் 20 மில்லியைத் தனியே நிறுத்திவைத்துக்கொண்டு, தேவை தெரிந்த பிறகு ஊற்றுங்கள்.

மாவு வழக்கத்துக்கு மாறாகக் கொழகொழவென்று இருந்து, வெறிபிடித்ததுபோல அரை மணி நேரத்தில் பொங்கிவிட்டால், ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பை மறந்திருப்பீர்கள். 8 கிராம் உப்பை ஒரு கரண்டி நீரில் கரைத்து அப்போதே பிசைந்துவிடலாம். உப்பு ரொட்டி என்று பெயர் வைத்துக்கொண்டு உப்பை மறப்பது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

அறிகுறி 5: ரொட்டித்தூள் உதிர்கிறது, அல்லது கருகுகிறது

உதிர்ந்தால், தூள் போடும்போது மாவின் மேல்தோல் காய்ந்திருந்தது என்று பொருள். பாஸ்டோனை வெட்டியவுடன், வெட்டுமுகம் ஈரமாக இருக்கும்போதே அதைத் தூளில் அழுத்துங்கள். பொங்கிய பிறகு தூவினால் ஒட்டாது. காற்றாடியின் கீழ் வேலை செய்கிறவர்கள் ஈரத்துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

கருகினால், ஏற்கெனவே வறுத்துப் பொன்னிறமாக்கிய தூளைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். பழைய ரொட்டியை வெயிலிலோ மிகக் குறைந்த சூட்டிலோ நிறம் மாறாமல் உலர்த்தி, நன்றாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அறிகுறியில் தட்டையாகிப்போன ரொட்டிகளுக்கும் இதுவே நல்ல பயன்.

அறிகுறி 6: அடி கருகுகிறது, மேல் வெளுத்திருக்கிறது

அங்குள்ள வீடுகளில் இருக்கும் எரிவாயு ஓவன்கள் பலவற்றில் நெருப்பு அடியில் மட்டுமே எரியும். ஆகவே முதலில் தட்டை மேல்தட்டுக்கு மாற்றுங்கள். போதாவிட்டால் ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வேகவையுங்கள். இடையிலுள்ள காற்று அடிச்சூட்டை மட்டுப்படுத்தும். கறுப்பு நிற மெல்லிய தட்டைவிட வெளிர்நிற அலுமினியத் தட்டு நல்லது.

*மேலும் அடியும் இரண்டுமே வெளுத்திருந்தால்* கேள்வி வேறு. அளவுக்கு மீறிப் பொங்கிய மாவில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்திருக்கும், நிறம் வராது. சாராய வாடையும் இருந்தால் இரண்டாம் அறிகுறிக்குத் திரும்புங்கள். வாடை இல்லையென்றால் ஓவனைச் சோதியுங்கள்: உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கி நடுத்தட்டில் வைத்து, 180இல் திருப்பி, இருபத்தைந்து நிமிடம் கழித்துப் படியுங்கள். என் பழைய மேசை ஓவன் 180 என்று சொல்லிக்கொண்டு 150ஐத் தாண்டியதே இல்லை. வேறுபாடு எப்போதும் ஒரே அளவாக இருந்தால் திருகியைக் கூட்டிவைத்துக்கொண்டு வாழலாம். நான் மூன்றாண்டுகள் அப்படித்தான் வாழ்ந்தேன்.

*பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டிய கட்டம் இது:* ஒரு நாள் 150, மறுநாள் 210 என்று அளவு தாறுமாறாக ஆடினால். மின் ஓவனில் சூடேற்றும் கம்பிகளில் ஒன்று சிவக்காமலே இருந்தால். ஓவனைப் போட்டதும் வீட்டு மின்காப்பு விசை விழுந்தால். எரிவாயு நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடி, தட்டில் கரி படிந்தால். இவற்றில் எதையும் திருப்புளி எடுத்து நீங்களே பார்க்க வேண்டாம். வெப்பக் கட்டுப்பாட்டு உறுப்பை மாற்றும் செலவு ஒரு சிறிய மேசை ஓவனின் விலையை நெருங்கினால், புதிது வாங்குவதே சரி என்பது என் கருத்து.

எரிவாயு வாடை வந்தால் அது ரொட்டிச் சிக்கல் அன்று. உருளையின் திருகியை மூடி, கதவு சன்னலைத் திறந்து, எந்த மின்விசையையும் தொடாமல் வெளியே வந்து, அங்கிருந்து எரிவாயு விற்பனையாளரை அழையுங்கள்.

அறிகுறி 7: காலையில் பஞ்சு, மாலையில் கட்டை

பாண்டேசால் அன்றே தின்று தீர்ப்பதற்கான ரொட்டி; பனாடெர்யாக்கள் விடிகாலையிலும், பிற்பகல் சிற்றுண்டி நேரத்துக்காக மீண்டும் ஒருமுறையும் வேகவைப்பது அதனால்தான். இருந்தாலும் மதியத்துக்குள்ளேயே காய்ந்தால், வேகவைத்த நேரத்தில் இரண்டு நிமிடம் குறைத்துப் பாருங்கள். பிறகு வெண்ணெயை 60 கிராம்வரை கூட்டலாம். மாவில் 25 கிராமை 125 மில்லி பாலில் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்துச் சேர்த்தால் மென்மை மறுநாள்வரை நிற்கும். அதற்குச் செலவாகும் மாவையும் பாலையும் மொத்த அளவிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேல்தோல் ஈரமாகிச் சவசவவென்று ஆனால் டப்பாவைக் குறைசொல்லுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்த ரொட்டி தன் ஆவியிலேயே நனைகிறது. கடைக்காரர் காகிதப் பையில் போட்டுக் கொடுப்பது சிக்கனத்துக்காக மட்டும் அன்று.

இரண்டாம் நாள் பிட்டால் உள்ளே நூல்நூலாக இழுத்து, அழுகிய பழம்போன்ற இனித்த வாடை வந்தால், அந்த முழுத் தொகுதியையும் எறிந்துவிடுங்கள். வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தின்னவோ, தூளாக்கவோ கூடாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் மாவுடன் வரும் ஒருவகைக் கிருமியின் வித்து ஓவன் சூட்டிலும் சாகாமல் பிழைப்பதால் வருவது இது. பிசையும் பலகை, தட்டு, துணி எல்லாவற்றையும் வினிகர் கலந்த நீரால் துடைத்து, பழைய தூளைக் கொட்டி, அடுத்த சில தொகுதிகளில் பாலோடு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள், சுவையில் தெரியாது. மாவுப்பை மாறிய பிறகும் திரும்ப வந்தால் அந்தக் கடையில் மாவு வாங்குவதை நிறுத்த வேண்டும்.

அறிகுறி 8: மலுங்கை, ஊபே வகைகளில் மட்டும் கெடுகிறது

வெறும் பாண்டேசால் நன்றாக வந்து, இவை மட்டும் கெட்டால் காரணம் ஈரத்திலேயே இருக்கிறது. மலுங்கை என்பது நம் முருங்கைக்கீரைதான். கழுவிய கீரையை அப்படியே அரைத்துப் போட்டால் மாவு குழைந்து, பச்சை வாடை அடிக்கும்; நிழலில் உலர்த்திப் பொடித்து, 500 கிராம் மாவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டிக்கு மிகாமல் சேருங்கள். முற்றிய இலையும் காம்பும் கசக்கும். ஊதா நிறக் கிழங்கான ஊபேயை மசித்துச் சேர்க்கிறவர்கள், 150 கிராம் மசியலுக்குப் பாலில் 60 மில்லியாவது குறைத்துத் தொடங்க வேண்டும். உள்ளே பாலாடைக்கட்டி வைத்த ஊபே ரொட்டி வெடித்து வழிந்தால், கட்டி மிகப் பெரிது அல்லது கிள்ளி ஒட்டிய வாய் மேலே பார்த்திருக்கிறது. இந்த ஒரு வகையில் மட்டும் ஒட்டிய பக்கத்தைக் கீழே வையுங்கள்.